நீடாமங்கலம் கேட்டில் கேட்டது

எட்டு வருடம் நான் மொழிபெயர்த்தது பிரேக்கைத்தான். சென்னைக்கு வெளியே, காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ஜப்பானியப் பொறியாளர் சொல்வதை ஷிப்டு ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் முணுமுணுப்பதை மரியாதையான ஜப்பானிய மொழியாக்கி அவரிடம் சேர்க்க வேண்டும். "போய்யா, இது வேலைக்காகாது" என்று ஒருத்தர் சொன்னால், "இன்னும் சற்று ஆலோசிக்கலாம் என்று நினைக்கிறார்" என்பேன். அதில் நான் கெட்டிக்காரி.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அம்மா நடக்க ஆரம்பித்த பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. வீட்டிலிருந்தே இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி ஒரு மெயிலை எனக்குத் திருப்பிவிட்டாள். ஜப்பானிலிருந்து ஓர் இசையமைப்பாளர் தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார், பத்து நாள், நெல் வயலின் சத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பக்கத்தில் ஜப்பானிய மொழி தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். "உன்னை விட்டா யாருடி இருக்கா?" என்று அவள் கீழே எழுதியிருந்தாள்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்து வர நானும் தம்பியும் போனோம். தம்பி சொந்தமாகக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். நடவு, அறுவடை நேரத்தில் மட்டும் வயல். வந்தவர் அறுபதைத் தாண்டிய சின்ன உருவம். துணித் தொப்பி, பெரிய கண்ணாடி. ஒரு பையை யாரிடமும் கொடுக்காமல் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்திருந்தார். அதற்குள் இருந்தது ரெக்கார்டர். மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் அதை வெளியே எடுத்தார். காற்று புகாமலிருக்க மைக்கின் மேல் சாம்பல் நிறத்தில் ரோமமாக ஓர் உறை போட்டிருந்தது.

"அது என்னம்மா, பூனையா?" என்று அம்மா கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அவர் மைக்கைத் தடவிக் கொடுத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் "மியாவ்" என்றார். அந்த ஒரு சத்தத்தில் அவர் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார்.

வேலை என்னவென்று அவர் விளக்கினார். டிவிக்கான அனிமேஷன் தொடர். கதை நடப்பது ஒரு கற்பனை நாடு. அங்கே ஓர் ஆறு பல ஆறாகப் பிரிகிறது, எல்லாரும் நெல் விளைவிக்கிறார்கள், ஒரு பெண் மதகுகளைத் திறந்து மூடுகிறாள். படம் வரைகிறவர்கள் முந்தின வருடமே வந்து நம் வயல்களைப் போட்டோ எடுத்துப் போயிருக்கிறார்கள். "கண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காதுக்கு வேண்டியதை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடித்தேன்" என்றார். தொடரின் முகப்பு இசை மட்டும் இன்னும் வரவில்லையாம். இந்தப் பத்து நாளுக்குள் அதை முடித்து இயக்குநருக்கு அனுப்பியாக வேண்டும்.

புரட்டாசி மாதம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தாத்தா கூலிக்கு உழுத அதே வயலில் ஒன்றரை ஏக்கர் இப்போது எங்கள் பேரில் இருக்கிறது. அம்மா அந்தப் பக்கத்து நடவுப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சேற்றில் இறங்குவதில்லை. வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்சி செய்வார்.

நடும்போது என்ன பாட்டுப் பாடுவார்கள் என்று அவர் கேட்டார். எங்கேயோ படித்துவிட்டு ரொம்ப ஆசையோடு வந்திருந்தார் போல. அம்மா வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், ஜப்பான்காரர் பாட்டு கேக்குறாரு!" உடனே ஒரு பெண் இடுப்பில் சொருகியிருந்த போனைத் தட்ட, வரப்பில் இருந்த புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. நாற்று முடிச்சுகள் கொஞ்சம் ஆடின.

"நிஜமாகவே பாடுவதில்லையா?" என்றார் அவர்.

"பாடினா மூச்சு வாங்கும் சார். குனிஞ்சு நட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்."

இதை நான் அப்படியே சொன்னது தப்பாகிவிட்டது. அம்மா பேச்சுக்குச் சொன்னதை அவர் அழைப்பென்று எடுத்துக்கொண்டார். பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் ரெக்கார்டர், மறு கையில் நாற்றோடு இறங்கிவிட்டார். இரண்டு முழம் நட்டிருப்பார். காலை எடுக்க முடியாமல் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து, தோள் வரை சேறு அப்ப உட்கார்ந்துவிட்டார். ரெக்கார்டர் மட்டும் தலைக்கு மேலே, ஒரு சொட்டு படாமல். பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வயலில் ஓடிக்கொண்டிருந்த நடவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் டிரைவர் எட்டிப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அவர் எழுந்து, சேறு வழிய வழிய, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இடுப்பு வரை குனிந்து நன்றி சொன்னார். அது இன்னொரு சுற்றுச் சிரிப்பு.

டோக்கியோவில் ஏற்பாடு செய்தவர்கள் அவருக்குத் தஞ்சாவூரில் ஓட்டல் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரோ நீடாமங்கலத்தைத் தாண்டி நாலு கிலோமீட்டர். ஆகவே தினம் இரண்டு முறை நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்தக் கேட்டைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரயில் வரும், போகும். இஞ்ஜின் கழன்று அந்தப் பக்கம் போகும், திரும்ப வரும். கேட் மட்டும் திறக்காது. பாலம் வருகிறது வருகிறது என்று நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து சொல்கிறார்கள். முதல் நாள் அங்கே மாட்டிக்கொண்டதும் தம்பி காரை அணைத்துவிட்டு சீட்டைச் சாய்த்துக்கொண்டான்.

"அக்கா, சார் என்னென்ன படத்துக்கு மியூசிக் போட்டிருக்காருன்னு கேளேன்."

அப்படித்தான் அவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வயலில் அவர் பேசவே மாட்டார், கேட்பது மட்டும்தான். கேட் மூடினால் பேசுவார்.

அவர் பிறந்தது பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து ஆர்கனில் தானாக வாசிக்கக் கற்றுக்கொண்டார். இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தேறவில்லை. பிறகு ஒரு பெரிய ஜவுளிக்கடை மாதிரி எல்லாம் விற்கிற கடையில், நாலாவது மாடியில், எலெக்ட்ரிக் ஆர்கனை வாசித்துக் காட்டி விற்கிற வேலை. ஒரு நாள் மகளுக்கு ஆர்கன் பார்க்க வந்தவர், வாங்காமல், "விளம்பரத்துக்கு ஒரு டியூன் போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டாராம்.

"என்ன விளம்பரம்?" என்றேன்.

"இருமல் மருந்து. பதினைந்து வினாடி."

பாடிக் காட்டினார். கடைசியில் இரண்டு இருமலும் தாளத்தில் வந்தது. தம்பி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். ஜன்னல் ஓரம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த பெண் பதறிப்போய், "ஐயாவுக்குத் தண்ணி கொடுங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

அடுத்த நாள் கேட்டில் கார்ட்டூன் காலத்துக்கு வந்தார். இருமல் மருந்துக்காரர் மூலம் ஒரு டிவி நிறுவனத்தில் பழக்கம் கிடைத்து, வாரம் ஒரு கார்ட்டூன் தொடருக்கு இசை போடும் வேலை வந்திருக்கிறது. நான் நினைத்திருந்தேன், படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இசை போடுவார்கள் என்று. அப்படி இல்லையாம். படம் வரைந்து முடிவதற்கு முன்னாலேயே அவரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். ஓட்டம் மூன்று. பயம் ஐந்து. வெற்றி இரண்டு. அம்மா ஞாபகம் இரண்டு. மளிகைக் கடைச் சிட்டை மாதிரி. அவர் நாற்பது ஐம்பது துண்டுகள் எழுதிக் கொடுப்பார். எதை எந்தக் காட்சியில் வைப்பது என்று முடிவு செய்ய வேறொருவர் இருப்பார்.

"அப்ப சாருக்கே தெரியாதா, எது எங்க வருதுன்னு?" என்றான் தம்பி.

"தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் போல நானும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு தடவை, 'பயம் நான்கு' எழுத மூன்று நாள் கஷ்டப்பட்டேன். அதை ஒரு நாய் தன் வாலைத் துரத்துகிற இடத்தில் போட்டிருந்தார்கள். கோபம் வந்தது. பிறகு பார்த்தால், அது அங்கேதான் பொருத்தம்."

அப்படி அவர் இசை போட்ட ஒரு தொடரில் நாயகன் ஒரு நரி என்றார். பறக்கும் படகில் ஊர் ஊராகக் கடிதம் கொண்டு போகிற நரி.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா. தபால் நரியா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தமிழில் டப் செய்து சாயங்காலம் ஐந்தரைக்குப் போடுவார்கள். முகப்புப் பாட்டைத் தமிழில் வேறாக மாற்றியிருந்தார்கள். உள்ளே வரும் பின்னணி இசையை யாரும் தொடவில்லை. தம்பி கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு மெட்டை முனகினான். மழையில் நனைந்த கடிதத்தை நரி வெயிலில் காய வைக்கும் இடம். எனக்கு உடனே படம் தெரிந்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். "இது 'அம்மா ஞாபகம் இரண்டு'" என்றார். "உங்கள் தம்பிக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்."

"அந்த நேரத்துலதான் சார் எங்க ஊர்ல கரண்டு போகும். பாதில நின்னுடும். மிச்சக் கதைய நாங்களே நடிப்போம். எங்கக்கா நரி. நான்தான் மியூசிக்."

இதை மொழிபெயர்க்கும்போது எனக்கே சிரிப்பும் வேறென்னவோவும் சேர்ந்து வந்தது. அவர் ரெக்கார்டரை எடுத்துப் பூனை உறையோடு தம்பியின் வாயருகே நீட்டி, இன்னொரு தடவை என்றார். தம்பி முனகினான். ஒரு ஸ்வரத்தை அவன் நம் வழக்கப்படி கொஞ்சம் வளைத்து இறக்கினான். "அங்கே நான் எழுதியது நேர் கோடு. இவன் செய்திருப்பது நன்றாக இருக்கிறது" என்றார். அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறார், என் தம்பி கண்ணை மூடி நரிக்குப் பின்னணி கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மற்றதெல்லாம் அடுத்தடுத்த கேட்டுகளில் வந்தது. கார்ட்டூனிலிருந்து டிவி நாடகங்கள், அதிலிருந்து சினிமா. ஆனால் சினிமாவைத் தொட்டதும் பேச்சு குறைந்துவிடும். முகப்பு இசையும் நகரவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மடியில் வைக்கும் அளவுள்ள ஒரு கீபோர்டில் எதையோ வாசிப்பார், தாளில் எழுதுவார், ரப்பரால் அழிப்பார். தரையெல்லாம் ரப்பர் துகள். அம்மா தினமும் சாப்பாடு போடும்போது, சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற தொனியில், "பாட்டு ஆச்சா?" என்பார். "இன்னும் இல்லை" என்பார் அவர்.

ஏழாம் நாள் மதியம் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எழுதுறதவிட அழிக்கிறதுதான் அதிகமா இருக்கு. ஏன்னு கேளு."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய படம். தன் வாழ்க்கையிலேயே பெரிய வாத்தியக் குழுவை வைத்து இரண்டு நாள் பதிவு செய்தார். இயக்குநர் முழுவதையும் கேட்டார். எழுந்து நின்று நன்றி சொன்னார். பிறகு, இது எதுவும் வேண்டாம் என்றார். படம் வேறொருவர் இசையோடு வெளியானது. காரணமும் சொன்னாராம். "அழுகிற காட்சியில் உங்கள் இசையும் சேர்ந்து அழுகிறது. பார்க்கிறவனுக்கு அழ இடமில்லை." அதற்குப் பிறகு ரொம்ப நாள் எதுவும் எழுதவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது, ஒரு ஸ்வரம் எழுதினால் இரண்டை அழிக்கிற ஆளாக ஆகிவிட்டார். "அவர் சொன்னது சரிதான். அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் சத்தமாக அழுதால் அவருக்கு அது எப்படித் துணையாகும்?"

அம்மா ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நல்லாருக்கே கதை! அதான துணை! இவங்கப்பா போனப்ப எங்க தெருவே சத்தம் போட்டு அழுதுச்சு. பக்கத்துல உக்காந்து கட்டிக்கிட்டு அழுதாளுங்க. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்திருந்தா, நான் அன்னிக்கே செத்திருப்பேன். அந்த டைரக்டருக்கு என்ன தெரியும்? அவன் வீட்டுல யாராச்சும் செத்திருக்காங்களா?"

நான் வாயைத் திறந்தேன். எட்டு வருடப் பழக்கம் தானாக வேலை செய்தது. "அம்மாவுக்கு இதில் சற்று வேறு அபிப்பிராயம் இருக்கிறது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அம்மா ரொம்ப நேரம் பேசினார். நீங்கள் கொஞ்சம்தான் பேசினீர்கள். முழுவதும் சொல்லுங்கள்."

சொன்னேன். அப்பா போனதை, தெரு அழுததை, டைரக்டரைத் திட்டியதை, ஒன்று விடாமல், மெருகு போடாமல். அப்பாவைப் பற்றி ஜப்பானிய மொழியில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. நான் முடித்ததும் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

அவர் அம்மாவிடம் ஒன்று கேட்டார். "எல்லாரும் ஒரே நேரத்தில் அழுவீர்களா?"

"அது எப்படி முடியும்? ஒருத்தி விடுற எடத்துல இன்னொருத்தி எடுப்பா. அவ விட்டா அடுத்தவ. அப்பத்தான மூச்சு வாங்கிக்க முடியும்? சத்தம் நிக்காது, ஆனா ஒவ்வொருத்திக்கும் எடம் கெடைக்கும்."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். ரசம் சாதம் அப்படியே கிடக்கிறது. கை கழுவிவிட்டு வந்து, தாளைத் தரையில் பரப்பிக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். "சாப்பாட்டப் பாதில விட்டுட்டாரே" என்று அம்மா அங்கலாய்த்தார். ரப்பர் ஜன்னல் ஓரமாக உருண்டு போனது. அவர் அதைத் தேடவில்லை.

நாலு மணி சுமாருக்கு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்தார். ஒரு மெட்டு புறப்படுகிறது, முடியும் முன்னால் வேறொரு குரல் அதைப் பிடித்துக்கொள்கிறது, அதை அடுத்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கனத்து, திடீரென்று வெளிச்சமாகிறது. சோகம் என்றால் சோகம் இல்லை. வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஊரில் ஒரு கூச்சல் இருக்குமே, அதுவும் அதில் இருந்தது. அவர் முகம் சிவந்து வியர்த்திருந்தது. அம்மாவைத்தான் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார் அம்மா. "ஆனா சீக்கிரம் முடிஞ்சிருது."

"டிவியில் முகப்புக்கு ஒன்றரை நிமிடம்தான் கொடுப்பார்கள்."

"அப்ப ரெண்டு தடவ போடச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே ஓட்டலிலிருந்து இயக்குநருக்கு அனுப்பினார். மறுநாள் காலை கேட்டில் நிற்கிறோம். மனிதர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இருமல் மருந்து காலத்திலிருந்து இத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறவர், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் போல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு சரக்கு ரயில் பாதி கடந்திருக்கும்போது பதில் வந்தது. ஒரே வரி. படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். "இதில் எதையும் அழிக்காதீர்கள்" என்று இருந்தது.

நான் தமிழில் சொன்ன உடனே தம்பி ஹாரனை அழுத்தினான். மூடியிருக்கும் கேட்டில் எதற்கு இவன் ஹாரன் அடிக்கிறான் என்று அத்தனை வண்டிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கி, ஓடுகிற ரயிலைப் பார்த்துக் கையாட்டினார்.

தொடர் அடுத்த வருடம் வந்தது. முதல் பகுதியின் இணைப்பை எங்களுக்கு அனுப்பியிருந்தார். நடவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். கூடத்தில் லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்தேன். வாத்தியக் குழுவோடு அந்த இசை எழுந்தபோது, இதுதான் அந்த நாட்டின் ஆறு, இதுதான் கதாநாயகி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "சும்மா இரு பாப்பா, பாட்டக் கேக்க விடு" என்றார் அம்மா. கதை ஓடியபோதும் யாருக்கும் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மதகு திறக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் ஒருத்தர் கேட்டார். தெரியவில்லை என்றேன். "தனியாளாத்தான் இருக்கும். இல்லேன்னா இவ்வளவு நிம்மதியா மதகுல உக்காந்திருக்க முடியுமா?" என்றார் இன்னொருத்தர்.

முடிந்ததும் வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டோம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். டோக்கியோவில் அவருக்குத் தெரிந்த இசையமைப்பாளர்கள் சிலர் சென்னையில் வயலின்காரர்களையும் குழல்காரர்களையும் வைத்து இணையம் வழியாகப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். நடுவில் பேச ஆள் வேண்டும். "மெருகு போடாமல் சொல்கிறவர் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்."

இப்போது வாரத்தில் மூன்று நாள் எனக்கு அதுதான் வேலை. காதில் ஹெட்போனோடு எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு காதில் டோக்கியோ, மறு காதில் சென்னை. நேற்று டோக்கியோவிலிருந்து ஒரு பெண், குழல் வாசிப்பவர் இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் ஈரமாக ஊத முடியுமா என்று கேட்டார். நான் அப்படியே சொன்னேன். "ஈரம்னா, தூறலாங்க, இல்ல குளிச்சுட்டுத் தலை துவட்டாம நிக்கிற மாதிரியா? கேட்டுச் சொல்லுங்க" என்றார் குழல்காரர்.

கேட்டேன். தலை துவட்டாமல்தானாம்.